கதவு தட்டும் இரவு

ஹாலோவீன் பற்றி அமெரிக்கர்கள் எழுதும் பால்ய நினைவுகளில் ஒரே பல்லவி: அன்று எல்லாம் எளிமையாக இருந்தது. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் பேய். கையில் ஒரு தலையணை உறை. பெரியவர் துணையின்றித் தெருத் தெருவாக அலைச்சல். இந்த ஏக்கத்தைக் கேலி செய்வது சுலபம். அதன் சரித்திரத்தைப் பார்ப்பது உபயோகமானது என்று எனக்குப் படுகிறது.

'அன்று' என்பது எந்த அன்று? 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகள் கொண்டுவந்த அக்டோபர் 31 ஆரூடத்துக்கும் குறும்புக்கும் உரிய இரவு. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அமெரிக்காவில் பூசணி கிடைத்தது. வாலிபர்கள் வேலிக் கதவுகளைக் கழற்றி ஒளித்தார்கள். வண்டிகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். நகரங்களில் இது ஜன்னல் உடைப்பாயிற்று. மினசோட்டாவின் அனோகா 1920-ல் ஊர்வலம் நடத்தியது இந்த அட்டகாசத்தை அடக்கத்தான். 1930களில் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' பரவியது: கதவைத் தட்டு, இனிப்பை வாங்கு, ஜன்னலை விட்டுவிடு. யுத்தகாலச் சர்க்கரை ரேஷன் 1947-ல் முடிந்த பிறகே அது தேச வழக்கமாக வேரூன்றியது. ஆக, அந்த எளிமை பெரியவர்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். அதன் நிம்மதியான ஆயுள் முப்பது வருஷம்கூட இல்லை.

1974-ல் டெக்ஸாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று செத்தான். 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைகளில் யாரோ சயனைடு வைக்க, ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷம் சில ஊர்கள் ஹாலோவீனைத் தடை செய்தன. ஆஸ்பத்திரிகள் மிட்டாயை எக்ஸ்ரே எடுத்தன. வீட்டில் செய்த பண்டம் குப்பைக்குப் போயிற்று. உறையிட்ட கம்பெனி மிட்டாய்க்கே மதிப்பு. இத்தனைக்கும் சிகாகோவில் விஷம் ஏறியது கம்பெனிச் சரக்கில்.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர், சக ஆய்வாளர் ஒருவருடன், 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் துருவி 1985-ல் முடிவுகளை வெளியிட்டார். அன்னியர் கொடுத்த மிட்டாயால் இறந்த குழந்தை ஒன்றுகூட அகப்படவில்லை. டெக்ஸாஸ் பையனுக்கு விஷம் கொடுத்தவர் அவனுடைய அப்பா, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக.

கொலை வீட்டுக்குள் நடந்தது. சந்தேகம் விழுந்தது அடுத்த வீட்டு வாசலில். குழந்தைகள் இன்றும் கதவு தட்டுகிறார்கள். பின்னால் பெற்றோர் நிற்கிறார்கள். முகமூடி போட்ட குழந்தை முகம் தெரியாதவனிடம் தனியாகக் கை நீட்டலாம் என்பது செயற்கையான ஏற்பாடுதான். மனிதர்கள் செய்த ஏற்பாடு என்பதால், அதைக் காப்பாற்றவும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். அதற்கு எளிமை என்று பெயர் வைத்து ஏங்கும்போது, கைவிட்டவர்கள் யார் என்ற கேள்வி வசதியாக மறைந்துவிடுகிறது.