கும்மந்தான் யூசுப் கானும் இரு எசமானர்களும்

சென்னை தியாகராய நகரிலிருந்து தெற்கே பரங்கிமலைக்குச் செல்வோர் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கின்றனர். அவ்விடத்தில் 1726ஆம் ஆண்டில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு பாலம் அமைத்தார். மர்மலாங் பாலம் என வழங்கிய அது இன்றில்லை. அதன் இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்லும் இவ்வழியே 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட வந்தது.

அப்போது ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கோட்டைக்குள் இருந்தார். முற்றுகையின் தொடக்கத்திலேயே அவர் கடல்வழியாக நாகப்பட்டினத்துக்குப் பாதுகாப்புடன் அனுப்பப்பட்டார். அதே நாள்களில் தென்னாட்டிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு முஸ்லிம் படைத்தலைவர் தம் சிப்பாய்களுடன் விரைந்து வந்தார். செங்கற்பட்டைத் தளமாகக் கொண்ட காப்டன் பிரஸ்டனுடன் இணைந்து, முற்றுகையிட்டோரையே ஓய்வின்றி அலைக்கழித்தார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் நடந்த கடும்போரிலும் அவர் நின்றார். பிப்ரவரி 17இல் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். அப்படைத்தலைவரின் பெயர் முகம்மது யூசுப் கான். தென்பாண்டி நாட்டு மக்கள் அவரைக் ‘கும்மந்தான் கான் சாகிபு’ என்றனர். ‘கமாண்டன்ட்’ என்னும் பதவிப் பெயரே மக்கள் நாவில் கும்மந்தான் ஆயிற்று.

அன்றிலிருந்து ஆறாண்டுகள்கூட நிறைவுறவில்லை. 1764 அக்டோபர் 15 அன்று, அதே யூசுப் கான் மதுரைக்கு அருகே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட ஆணையிட்டவர் நவாப் முகம்மது அலி; உடன் நின்றது, அவர் யாருக்காகப் பரங்கிமலையில் போரிட்டாரோ அந்தக் கும்பெனி. இது எவ்வாறு நேர்ந்தது?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. அவர் நன்றி மறந்த கலகக்காரர் என்பது ஒன்று. அந்நியரை எதிர்த்த விடுதலை வீரர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் காட்ட இயலும். ஆயினும் மேலதிகாரிக்கும் ஆற்றல்மிக்க ஊழியருக்கும் இடையே எழும் பிணக்கு என்னும் கோணத்தில் இவ்வரலாற்றைப் பார்த்தவர் குறைவு. அக்கோணத்தில் இதனைச் சிறிது ஆராய விழைகிறோம்.

இராமநாதபுரப் பகுதியிலுள்ள பனையூரில், மருதநாயகம் என்னும் பெயருடன் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் யூசுப் கான் என்பது மரபு. 1752இல் ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களில் அவர் காட்டிய திறமையைத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் மனமுவந்து பாராட்டினார். 1754இல் கும்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார். தங்கப் பதக்கமும் பெற்றார். ஊழியர் ஒருவர் தகுதியால் உயர்ந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சென்னை முற்றுகை நீங்கிய 1759ஆம் ஆண்டிலேயே, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்குக் கும்பெனி அவரிடம் ஒப்படைத்தது. நவாப் இதனை விரும்பவில்லை. யூசுப் கான் பாளையக்காரர்களை அடக்கினார். கள்வர் பயம் நீக்கினார். ஏரி, கால்வாய்களைச் செப்பனிட்டார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை அவர் காத்தார் என்பதும் பதிவாகியுள்ளது. 1761இல் குத்தகையை மேலும் நான்காண்டுகளுக்கு நீட்டித்தால் ஆண்டுக்கு 7 லட்சம் செலுத்துவதாக முன்வந்தார். அது ஏற்கப்படவில்லை. மாறாக, அவர் இனி நவாபின் ஊழியராக இருந்து நவாபுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்றாயிற்று.

இங்கு இரு தரப்பு நியாயங்களையும் நடுநிலையுடன் எடை போடுதல் வேண்டும். நவாபின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. கர்நாடகத்தின் சட்டபூர்வ ஆட்சியாளர் அவரே. போர்ச் செலவுக்காகக் கும்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார். அக்கடனை அடைக்க வரி வருவாய் இன்றியமையாதது. தம் நாட்டின் இரு பெருஞ்சீமைகளைத் தம் ஆணைக்கு உட்படாத ஒருவர் ஆள்வதை எந்த ஆட்சியாளர்தாம் பொறுப்பார்? யூசுப் கானின் பக்கமும் நியாயம் உண்டு. அவரைப் படையில் சேர்த்ததும் உயர்த்தியதும் சீமையை ஒப்படைத்ததும் கும்பெனி. தம் நியமனத்தையே எதிர்த்தவரின் கையில் தம்மை ஒப்படைக்கிறார்கள் என்றபோது, தம் உழைப்பும் உயிரும் ஒருங்கே பறிபோகும் என அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

அவ்வாறாயின் தவறு எங்கே? நம் கருத்தில், முதற்பெருந்தவறு சென்னைக் கோட்டையின் ஆலோசனை சபையுடையது. ‘இவர் யாருடைய ஊழியர்?’ என்னும் எளிய வினாவுக்கு அச்சபை தக்க காலத்தில் விடை கூறவில்லை. போருக்கு வேண்டியபோது அவர் கும்பெனியின் கும்மந்தான்; வரிக்கணக்கு என்று வந்தபோது நவாபின் குத்தகைக்காரர். இரண்டு பெயர்களும் கும்பெனிக்குப் பயன்பட்டன.

ஒரே எசமானருக்கு உரியவனாக இருப்பவனும், தம்முள் பிணங்கும் பலருக்குப் பங்காக இருப்பவனும் சமமாவார்களா என்னும் உவமை திருக்குர்ஆனின் 39ஆம் அத்தியாயமாகிய ஸுமரில், 29ஆம் வசனத்தில் வருகிறது. ஏகத்துவத்தை விளக்க வந்த உவமை அது. எனினும் அது மனித வாழ்வின் அனுபவத்தின்மீது நிற்பது என்பதைச் சிந்திப்போர் உணர்வர். யூசுப் கானின் நிலை அந்த இரண்டாமவனின் நிலையே.

நம் அறிஞர்கள் இதனை ஆட்சியியலிலும் ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ, ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் அமைச்சுப் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கிறார். தாமே முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவருடையது தஃப்வீழ். இட்ட ஆணையை நிறைவேற்றுவதோடு நிற்பவருடையது தன்ஃபீத். முழு அதிகாரம் பெற்ற இருவரை ஒரே காலத்தில் நியமித்தல் கூடாது என்பதும் அவர் கருத்து. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் உண்மை புலப்படும். யூசுப் கானுக்குத் தஃப்வீழ் போன்ற பொறுப்பைக் கொடுத்து, மூன்றாண்டுகள் அதன் பலனையும் அனுபவித்துவிட்டு, பின்னர் தன்ஃபீத் ஊழியராக இருக்கச் சொன்னார்கள். அந்த மாற்றத்துக்கு அவர் ஏற்கத்தக்க காரணம் ஒன்றும் கூறப்படவில்லை.

அதிகாரத்தைக் குறைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) கலீஃபாவான உமர் (ரலி), சிரியாவின் தலைமைத் தளபதிப் பொறுப்பை அவர்களிடமிருந்து எடுத்து அபூ உபைதா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஆணை கைக்கு வந்தும் அபூ உபைதா அதனை உடனே அறிவிக்கவில்லை என்றும், களத்தில் நிற்கும் தளபதியின் மதிப்புக் குலையாதிருக்கத் தக்க நேரம் வரை காத்திருந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஹிஜ்ரி 17இல் காலித் முற்றிலும் பதவி நீக்கப்பட்டார்கள். ஒருவருக்கு 10,000 திர்ஹம் அன்பளிப்பு வழங்கியது பற்றி எழுந்த கேள்வியே அதற்கு உடனடிக் காரணம். அவர்கள் மதீனாவுக்கு வந்து தம் மனக்குறையை உமரிடமே நேரில் கூறினார்கள். கணக்கு முடிக்கப்பட்டது. பின்னர் உமர், வெறுப்பினாலோ மோசடியினாலோ தாம் காலிதை நீக்கவில்லை என்றும், வெற்றியை மக்கள் ஒரு மனிதரின்மீது சார்த்திவிடுவர் என அஞ்சியே நீக்கியதாகவும் மாகாணங்களுக்கு எழுதினார்கள். காலித் கலகம் செய்யவில்லை. ஹிஜ்ரி 21இல் படுக்கையில் இயற்கை எய்தினார்கள்.

கும்பெனியாரை நேர்வழி கலீஃபாக்களின் ஆட்சியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டுகிறோம். காலிதுக்கு எசமானர் ஒருவரே, காரணம் சொல்லப்பட்டது, முறையிடவும் இடமிருந்தது, பதவி போயிற்றே ஒழிய மானம் போகவில்லை. யூசுப் கானும் சென்னைக்கு நேரில் வருமாறு அழைக்கப்பட்டார். அவர் வரவில்லை. ஆலோசனை சபையே தம்மைத் தம் எதிரியின் பொறுப்பில் விட்டபின், அங்கே நீதி கிடைக்கும் என அவர் எவ்வாறு நம்புவார்?

ஆயினும் யூசுப் கானைக் குற்றமற்றவர் என நாம் விடுவிக்கவில்லை. தம் வெற்றிகளே தமக்குக் காவல் என எண்ணியது அவரது பெரும்பிழை. நம்பிக்கை தளர்ந்தபோது பொறுப்பைத் துறந்து விலகும் வழி ஒன்றிருந்தது; கடினமான வழிதான். அதனை அவர் நாடவில்லை. 1763இல் வெளிப்படையாக எதிர்த்து நின்று, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். புதுச்சேரியோ 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. உதவ வரக்கூடிய நிலையில் பிரெஞ்சார் இல்லை.

1763இல் தொடங்கிய முற்றுகை மழையால் தடைப்பட்டு, 1764இல் மீண்டும் தொடர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தாக்குதலில் ஆங்கிலேயர் முறியடிக்கப்பட்டனர். அதில் படுகாயமுற்று மாண்டவர் பிரஸ்டன். ஆம், 1759இல் யூசுப் கானுடன் தோளோடு தோள் நின்று சென்னையைக் காத்த அதே பிரஸ்டன். இறுதியில் கோட்டையை வீழ்த்தியது பீரங்கியன்று. அக்டோபர் 13இல் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு வீரர் மார்ஷானும் மற்றவர்களும் சேர்ந்து தங்கள் தலைவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தனர். மேலோரிடம் இழந்த நம்பிக்கையை அவர் கீழோரிடமும் இழந்திருந்தார். இரண்டு நாள்களில் தண்டனை நிறைவேறியது. அவர் யாருடைய ஊழியர் என்னும் வினாவுக்கு, நவாபின் ஊழியரே என்று தூக்குமேடையில்தான் விடை கிடைத்தது.

வென்றவர் நிலை என்ன? 1768இல் நவாப் சேப்பாக்கத்தில், கும்பெனிக் கோட்டைக்கு அருகிலேயே அரண்மனை கட்டிக் குடியேறினார். கடன் வளர்ந்தது. அவர் 1795இல் மறைந்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியதிகாரம் முழுவதையும் கும்பெனி எடுத்துக்கொண்டது. ஆற்றல்மிக்க ஊழியரை ஒழிக்க அந்நியர் கையை நாடிய அரசு, அக்கையிலேயே முடிந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க மனம் வரவில்லை. நாம் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலத்தில் ஓர் அரபிக் கல்லூரியில் நிகழ்ந்ததை நேரில் கண்டோம். மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வுக்கு ஆயத்தப்படுத்த ஓர் இளம் ஆலிம் ஆர்வத்துடன் முன்வந்தார். செயலாளர் தனியே அழைத்துத் தட்டிக்கொடுத்தார். முதல்வரிடம் ஒரு சொல் கூறவில்லை. ஈராண்டு மௌனப் பிணக்குக்குப் பின் அந்த ஆலிம் வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டார். அவ்வகுப்பும் அவரோடு நின்றது. அக்கல்லூரியின் ஆசிரியர் அறையில் நாமும் இருந்தோம். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைக்க நமக்கும் அன்று தோன்றவில்லை. அந்தக் குறை இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

உயர விரும்புதல் குற்றமன்று. அவ்விருப்பத்துக்கு எல்லை எது, அவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், மனக்குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடலாம் என்பவற்றைப் பொறுப்பை ஒப்படைக்கும் நாளிலேயே தெளிவாக்குதல் நிர்வாகிகளின் கடமை. மறுமுறை அடையாற்றைக் கடந்து பரங்கிமலை செல்லும்போது, அங்கே நின்று போரிட்ட அந்தக் கும்மந்தானை ஒருகணம் நினைவுகூர்வோம். நம் கல்லூரிகளிலும் அறக்கட்டளைகளிலும் இரு எசமானர்களிடையே தவித்துக்கொண்டிருக்கும் இளைஞர் எவரேனும் உளரா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.