வளவுக் கோழியின் வரலாறு

மன்னர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு. துறைமுகங்களுக்கும் குளங்களுக்கும் வரலாறு உண்டு. வளவிலே குப்பையைக் கிளறித் திரியும் பேட்டுக்கோழிக்கு என்ன வரலாறு என்று நேயர்கள் கேட்கலாம். ஆயினும் அப்பேடு முட்டையிடும் முறையைச் சற்றே உற்று நோக்குவோமாயின், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதையொன்று அதன் நடத்தையிலே பதிந்து கிடப்பதைக் காணலாம்.

கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் மன்னார்ப் பெருநிலத்து ஊர் முருங்கன். இத்தகைய வயலூர்களிலே கோழி வளர்ப்போர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வைக்கோல் பரப்பிய பெட்டியை இறப்பின் கீழ் வைத்தாலும், பேடு அதனைத் திரும்பிப் பாராது. விறகுக் குவியலின் பின்னோ, வேலியோரப் பற்றையின் உள்ளோ மறைவிடம் தேடிச் சென்று முட்டையிடும். வீட்டார் அவ்விடத்தைக் கண்டு முட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டால், மறுநாள் வேறிடம் தேடும். ஒரு முட்டையை மட்டும் விட்டுவைத்தாலோ, பெரும்பாலும் அங்கேயே மீண்டும் வரும். இந்த நுட்பத்தை நம் பாட்டிமார் எந்த நூலையும் படித்து அறிந்தவரல்லர்.

இம்மறைவுக் குணம் காட்டிலிருந்து வந்தது. வீட்டுக் கோழியின் தலைமையான மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. சார்லசு டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துரைத்தார். இக்கால மரபணு ஆய்வுகளும் அதனையே உறுதிப்படுத்துகின்றன. தாய்லாந்திலுள்ள பான் நொன் வாட் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புகளைக் கொண்டு, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையிலேயே கோழி மனிதரோடு வாழத் தலைப்பட்டது என 2022இல் ஆய்வாளர் அறிவித்தனர். காட்டுப் பறவையை ஊருக்குள் ஈர்த்தவை நெல்லும் தினையும் என்பது அவர்தம் கருத்து. வயலும் கோழியும் பண்டைத் தோழமையுடையன போலும்!

இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி, அச்செங்காட்டுக்கோழிக்கு உறவினம். மன்னார்ப் புறத்துக் காடுகளிலும் அது வாழ்கின்றது. அதன் பேடு இரண்டு முதல் நான்கு முட்டைகளே இட்டு, உடனே அடைகிடக்கும். நரியும் கீரியும் உடும்பும் உலாவும் காட்டிலே நிலத்தில் முட்டையிடும் பறவைக்கு மறைவே காவல். ஊருக்குள் வந்த பின்னும் பகை முற்றாக நீங்கியதில்லை. மாலை வேளையில் வேலியருகே வெருகு வரக்கண்ட மனைக்கோழி அஞ்சித் தன் குஞ்சுகளை அழைப்பதை, ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையிலே காட்டியுள்ளார்.

முட்டையிடும் நேரத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் செல்லும். அதில் 20 மணி நேரமளவு ஓடு படிவதற்கே ஆகும். ஆகையால் இன்று காலையில் இட்ட பேடு நாளை சற்றுப் பிந்தி இடும்; நாளுக்கு நாள் பிந்திப் பிந்தி, ஒருநாள் இடாமலே ஓய்ந்து, மறுபடி காலையில் தொடங்கும். இதனைச் சோம்பல் என்று வைவது முறையன்று. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்தைத் தேடியே அது சிப்பியோட்டுத் துண்டுகளைக் கொத்துகின்றது.

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நாட்டுக்கோழி அடைக்குக் குந்திவிடும். இறகைச் சிலிர்த்து, அருகே வருபவரைக் கொத்தி, இரைக்கு மட்டும் சிறிது நேரம் எழுந்து, 21 நாள் தவம் கிடக்கும். குஞ்சு பொரித்து வளர்த்துவிடும் வரை அதனிடம் முட்டை கிடையாது. இக்குணத்தை மனிதன் குறையாகக் கண்ட இடத்திலேதான் கோழியின் வரலாறு திசை திரும்பிற்று.

பண்டை எகிப்தியர் சூளைகளிலே முட்டை பொரிக்கக் கற்றனர். பிற்காலத்தில் மேலைநாட்டார் பொரிப்பு எந்திரங்களைப் பெருக்கினர். அடைகிடக்கும் தாய் வேண்டாதவளானாள். இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்ற லெகோர்ன் போன்ற, அடைகிடக்கும் நாட்டமற்ற இனங்களைத் தேர்ந்து பெருக்கினர். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும் காட்டுப் பேட்டின் வழித்தோன்றல், இன்று பண்ணையிலே முந்நூறு வரை இடுகின்றது. நகரங்களின் பசியை ஆற்றிய இச்சாதனையைச் சிறிதெனக் கூறுதல் தகாது.

ஆயினும் அதற்கொரு விலை உண்டு. அடைகிடவாத கோழியை வைத்திருப்பவர், அடுத்த தலைமுறைக் குஞ்சுக்குப் பொரிப்பகத்தை நாட வேண்டும். தீவனத்துக்குக் கடையை நாட வேண்டும். கடைக்காரர் கப்பலை நோக்கியிருக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வறண்டபோது, இலங்கைப் பண்ணைகள் தீவனமின்றித் தளர்ந்தன. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டைகள் கப்பலேறி வந்தன. சிந்திய நெல்லையும் கறையானையும் புழுவையும் தின்று வாழும் வளவுக் கோழியோ எந்தக் கப்பலையும் எதிர்பார்ப்பதில்லை.

வளவுக் கோழியால் ஒரு நாட்டுக்கே முட்டை வழங்க இயலாதுதான். எனினும் ஒரு வீட்டின் குழந்தைக்கு முட்டையும், அவசர வேளையில் தாயின் கைக்குச் சிறிது காசும் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வாற்றலின் வேர் அதன் அடைக்குணமே. குந்திய பேட்டைத் தண்ணீரில் அமிழ்த்தித் தெளியவைக்கும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. அவ்வாறு செய்யுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நல்ல பேடு ஒன்றை அடைக்கு வைக்கும் வீட்டிலே, அக்கோழியின் குலம் யாருடைய தயவும் இன்றி நிலைத்திருக்கும்.