ஆறு நாள், ஐந்து ஆட்டம், ஒரு ரயில்

போன மாதம் மலர்க் குழுவிலிருந்து ஒரு போன். பேசியவன் என் வகுப்புத் தோழன். "டேய், நம்ம ஃபுட்பால் டீம் ஒரு வருஷம் தோக்காமலே ஆடிச்சே, அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. நீதானே அப்ப டீம் செகரெட்டரி? ஸ்கோரெல்லாம் உங்கிட்டதானே இருக்கும்?" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இன்னொரு சின்னக் கல்லூரியின் கதையைச் சொல்ல நண்பர்கள் அனுமதிக்க வேண்டும். அது 1899-ல் அமெரிக்காவில் நடந்தது. ஆட்டமும் நம் ஃபுட்பால் அல்ல, அவர்களுடைய ஃபுட்பால்.

என் மகள் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் நகரில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பழைய காலேஜ் இருக்கு, வாங்க" என்று காரில் கூட்டிக்கொண்டு போனாள். மலை மேல், மரங்களுக்கு நடுவே கல் கட்டடங்கள். ஊரின் பெயர் சுவானி. கல்லூரியின் முழுப் பெயர் யுனிவர்சிடி ஆஃப் தி சவுத். 1857-ல் தொடங்கி, உள்நாட்டுப் போரால் தடைப்பட்டு, 1868-ல்தான் வகுப்புகள் ஆரம்பித்தன. அந்தக் காலத்தில் மொத்தமே சில நூறு மாணவர்கள்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிராளிகளின் கோட்டைத் தாண்ட வேண்டும். அவர்கள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நம்மூர் சடுகுடு ஆடியவனுக்குப் பாதி புரிந்துவிடும். 1899-ல் பந்தை முன்னால் எறிந்து கொடுக்கும் வழக்கம் கிடையாது. அது 1906-ல்தான் அனுமதிக்கப்பட்டது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டினால் 5 புள்ளி, அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. அடிபட்டு வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. ஆகவே அடிபட்டவனும் நொண்டிக்கொண்டே ஆடினான்.

அந்த வருடம் சுவானி அணியின் மேனேஜர் லூக் லீ என்ற இருபது வயது மாணவன். பக்கத்து நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் ஆடும் ஆட்டத்தில்தான் வழக்கமாக நல்ல டிக்கெட் வசூல். அந்த வசூலைப் பங்கு போடுவதில் தகராறு வந்து, ஆட்டமே நின்றுபோனது. கையில் காசில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த வருடம் நாலு ஆட்டத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இந்தப் பையன் தெற்கே இருந்த பெரிய கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, ஒரே பயணத்தில் ஐந்து ஆட்டங்களை ஏற்பாடு செய்துவிட்டான்.

நவம்பர் 9 வியாழக்கிழமை ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம்: 12–0. மறுநாள் ஹியூஸ்டனில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்: 10–0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன்: 23–0. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட்: 34–0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிஸிஸிப்பி: 12–0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம். எடுத்தது 91 புள்ளி, கொடுத்தது ஒன்றுமில்லை. மொத்தப் பயணம் சுமார் 4,000 கிலோமீட்டர், எல்லாம் ரயிலில். திருச்சியிலிருந்து டெல்லி போய், பாதி வழி திரும்பி வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ரயிலேறுவது, அதிலேயே தூங்குவது, இறங்குவது, ஆடுவது. தெம்பாக இருக்கும்போதே ஒரு ஆட்டம் முடிந்து மறுநாள் உடம்பு என்ன பாடுபடும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சுவானி ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்குக் காரணம் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். நம் பி.டி. சார் கும்பகோணம் போகும்போது அம்மா மண்டபத்துக் காவேரித் தண்ணீரை மண்பானையில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னாரே! "அங்கயும் அதே காவேரிதானே சார் ஓடுது?" என்று கேட்டதற்கு, "ஸ்ரீரங்கத்துக்காரன் கேக்கற கேள்வியாடா இது?" என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். பிறகு ஜங்ஷனில் மீட்டர் கேஜ் பாசஞ்சர். தஞ்சாவூர் வருவதற்குள் பாதித் தண்ணீர் கம்பார்ட்மெண்டில்.

சுவானி அணி அந்த வருடம் ஆடியது மொத்தம் 12 ஆட்டம். பன்னிரண்டிலும் வெற்றி. எடுத்த புள்ளிகள் 322, கொடுத்தவை 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் அணி ஒன்றுதான். அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று அமெரிக்காவில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் சுவானி தப்பியது ஒரே ஒரு புள்ளியில், 11–10.

அந்த மேனேஜர் பையனை எனக்கு ஆட்டக்காரர்களைவிடப் பிடித்துப்போயிற்று. (செகரெட்டரி புத்தி!) பின்னாளில் அவர் அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் கெய்ஸரைப் பிடித்து வரலாமென்று சில சிப்பாய்களோடு கிளம்பிப் போனார். கெய்ஸர் சிக்கவில்லை, மேலிடத்திலிருந்து கண்டனம்தான் கிடைத்தது. 1930-களில் ஒரு வங்கி வழக்கில் சிறைக்கும் போனார். ஐந்து ஆட்டத்தை ஒரே ரயிலில் கோத்தவர் சும்மா இருப்பாரா?

சுவானியின் பிற்காலம் வேறு மாதிரி. அது தோற்கடித்த பெரிய கல்லூரிகளில் சில வளர்ந்து, லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டின. சுவானி சின்னதாகவே இருந்தது. 1932-ல் தென்கிழக்கு மாநாடு என்ற பெரிய போட்டித் தொகுதியை உருவாக்கிய 13 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அதில் 37 ஆட்டம் ஆடி முப்பத்தேழிலும் தோற்றது. 1940-ல் தானாகவே வெளியே வந்துவிட்டது. ஆட்டத்துக்காக ஆளைப் பணம் கொடுத்துச் சேர்ப்பதில்லை, படிக்கிற பிள்ளைகள் ஆடினால் போதும் என்று தீர்மானித்தார்கள். இன்றும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நான் போன சனிக்கிழமையும் ஓர் ஆட்டம் நடந்தது. கூட்டம் அதிகமில்லை. புல்லில் உட்கார்ந்து பார்த்தோம்.

இப்போது என் வயிற்றுக் கலக்கத்துக்கு வருகிறேன். நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் சுவானியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஸ்கோர் இருக்கிறது. நம்முடைய 1976–77 பற்றி என்ன இருக்கிறது? நாம் ஆடியது ஒன்பது ஆட்டமா, பத்தா? எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பச்சை அட்டை. உத்தர வீதி வீட்டைக் காலி செய்தபோது, பழைய பேப்பர்காரரின் தராசில் மற்ற நோட்டுகளோடு அதையும் தூக்கி வைத்தவன் நானேதான். வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. "இது வேணுமா, பாருங்க" என்று கேட்கத்தான் கேட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் தங்களுக்கு நினைவிருக்கும் ஆட்டங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தேதி தெரியாவிட்டால் பரீட்சைக்கு முன்னா, பொங்கலுக்குப் பின்னா என்றாவது எழுதுங்கள். இம்முறை புது நோட்டு நான் கொண்டுவருகிறேன். எழுதி முடித்ததும் நூலகத்தில் ஒரு பிரதி, சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி.

முதல் பக்கம் கும்பகோணம் ஆட்டத்துக்கு. 2–1 என்று ஜெயித்தோம், அது நிச்சயம். கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்து ஒரு கும்பலுக்குள் புகுந்து வலைக்குள் போனது. அந்த இரண்டாவது கோலை அடித்தது யாரப்பா?