'கேரவன்': வணிகர் கூட்டத்தைக் குறித்த சொல் வாகனப் பெயரானது எப்படி?

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வாகனத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'கேரவன்' என்ற சொல், கூட்டமாகப் பயணம் செய்த வணிகர் குழுவையே தொடக்கத்தில் குறித்தது.

இதன் மூலம் 'கார்வான்' என்ற பாரசீகச் சொல்லாகும். ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றபின், மூடுவண்டி என்ற பொருளையும் பெற்றது. 'வேன்' என்பது இதன் சுருக்கமே. இதே பொருளில் இந்தி, உருது மொழிகளில் வழங்கும் 'காஃபிலா' அரபுச் சொல்லாகும்.

கொள்ளையர் அச்சமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் நிறைந்த வழிகளில் தனியே செல்வது ஆபத்தாக இருந்ததால் வணிகர்கள் ஒன்றுசேர்ந்து பயணித்தனர். இக்குழுவை வடமொழி 'சார்த்தம்' என்றும், அதன் தலைவரை 'சார்த்தவாகர்' என்றும் குறிப்பிடுகிறது. பழந்தமிழில் இது 'சாத்து' எனப்பட்டது.

தலைவரின் பொறுப்பைப் பாலி மொழி ஜாதகத் தொகுப்பின் முதல் கதை விளக்குகிறது. தலா 500 வண்டிகளுடன் இரு தலைவர்கள் பாலைநிலத்தைக் கடக்கின்றனர். முன்னால் மழை பெய்வதாகக் கூறப்பட்ட பொய்யை நம்பித் தண்ணீரைக் கொட்டிய தலைவரின் குழு முழுவதும் அழிகிறது. அதே பொய்யை நம்ப மறுத்தவரின் குழு பத்திரமாகத் திரும்புகிறது.

இத்தகைய பயணிகள் இரவில் தங்கிய விடுதி 'சராய்' எனப்பட்டது. தில்லியின் யூசுப் சராய் போன்ற இடப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிலைத்துள்ளது.