மெது ஃபிலிமும் டெவலப்பர் தரும் வேகமும்: 1890 முதல் 1996 வரை

‘ஃபிலிம் கழுவுவது’ என்று நம் ஸ்டூடியோக்களில் சொல்லிப் பழகிவிட்டோம். கழுவுவது என்றால் ஒட்டியிருப்பதை நீக்குவது. டெவலப்பர் செய்வதோ நேர்மாறான வேலை. ஒளி பட்ட சில்வர் ஹாலைடு படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டுமே திரண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த உள்ளுறை படிமத்தைப் பற்றிக்கொண்டு, படிகம் முழுவதையும் டெவலப்பர் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. பெருக்குவது அதன் வேலை என்றால், நல்ல டெவலப்பரைத் தேர்ந்தெடுத்து மெது ஃபிலிமின் வேகத்தைக் கூட்ட முடியுமா? கூட்டலாம், ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரு மடங்கு வேகத்துக்கு, உட்பட்டே என்பது என் கருத்து. அந்த வரம்பு எப்படித் தெளிவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் காரத் தொழிலில் பணியாற்றிய வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், பொறியாளர் வெரோ டிரிஃபீல்டு ஆகிய இருவரும் 1890-இல் வெளியிட்ட ஆய்வுதான் தொடக்கம். அதற்கு முன்பு, ஒளி குறைவாகப் பட்ட தகட்டையும் இருட்டறையில் டெவலப்பரைக் கூட்டிக் குறைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். இவ்விருவரும் தகட்டில் பட்ட ஒளியின் அளவையும் அதனால் விளைந்த கருமையையும் வரைபடமாக்கினார்கள். கழுவும் நேரத்தைக் கூட்டக் கூட அந்தக் கோடு செங்குத்தானது. ஆனால் அடிக்கோட்டை அது தொடும் இடம் நகரவில்லை. அதாவது கான்ட்ராஸ்ட் ஏறியது, வேகம் ஏறவில்லை. வேகம் என்பது தகட்டோடு பிறந்த குணம் என்ற முடிவு இதிலிருந்து வந்தது.

இந்த விதிக்கு முக்கியமான ஒரு விலக்கு உண்டு. டெவலப்பரில் புரோமைடு இருந்தால் கோடு அடிக்கோட்டைத் தொடும் இடம் நகர்ந்துவிடும், வேகம் குறையும். புரோமைடை நாமே சேர்க்காவிட்டாலும், கழுவும்போது ஃபிலிமிலிருந்தே அது வெளியேறிக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் வேகத்தைக் கூட்ட நடந்த முயற்சிகள் பலவற்றுக்கும் அடியில் இந்த உண்மை இருக்கிறது.

1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா அறிமுகமானது. 24-க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவைப் பெரிதாக்கினால் துகள் தெரியும். துகள் நுண்மையாக வேண்டுமானால் ஃபிலிம் மெதுவானதாக இருக்க வேண்டும். பாராஃபெனிலீன்டையமின் போன்ற நுண்துகள் டெவலப்பர்களோ இருந்த வேகத்தையும் தின்றன. கோடாக் 1920-களில் திரைப்படச் சுருளுக்காக உருவாக்கிய டி-76 நடுவழியாக வந்தது. ஒரு லிட்டரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். சல்ஃபைட் படிகத்தின் மேற்பரப்பைச் சற்றே கரைத்துத் துகளை மட்டுப்படுத்தியது. வெண்காரத்தின் மென்மையான காரம் வேலையை நிதானமாக நடத்தியது. நிழற்பகுதி இதில் நன்றாகவே வந்ததால், பிறகு வந்த டெவலப்பர்களை எல்லாம் இதோடு ஒப்பிட்டே எடைபோட்டார்கள்.

மெது ஃபிலிமுக்கென்றே ஒரு தனிக் குணம் உண்டு. அது இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் மிகுந்தது. நண்பகலில் வேப்பமர நிழலில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் ஒருவரை அதில் படமெடுத்து, நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெயில் பட்ட தோள்பட்டை கட்டிக் கருப்பாக இருக்கும். தலைமுடியும் கண்குழியும் வெறும் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும். சட்டை அடைபட்டுவிடாமல் இருக்க நாம் சீக்கிரமே டெவலப்பரைக் கொட்டிவிடுகிறோம். கண்குழிக்கு உரிய நேரம் கிடைக்காமல் போகிறது. மெது ஃபிலிம் தன் முழு வேகத்தை எட்டாமல் போவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஜெர்மானியர் வில்லி பாய்ட்லரின் வாய்பாடு இந்த இடத்தைத்தான் சரிசெய்தது. மெட்டால், குறைந்த சல்ஃபைட், சோடியம் கார்பனேட், மிகுந்த நீர், அவ்வளவே. சட்டைப் பகுதியில் டெவலப்பர் விரைவில் களைத்துப்போகும். வெளியேறும் புரோமைடும் அங்கேயே தேங்கித் தடுக்கும். நிழலில் இரண்டுமே நேராததால் அங்கு வேலை தொடரும். 20 ஏ.எஸ்.ஏ. மட்டுமே கொண்ட அடாக்ஸ் கேபி14 போன்ற மெல்லிய பூச்சு ஃபிலிம்களுக்கு இது பொருந்தி அமைந்தது. பிரிட்டனில் ஜெஃப்ரி கிராலி 1960–61-இல் வெளியிட்ட எஃப்எக்ஸ் வரிசையின் முதல் வாய்பாடும் இதே வழியில் வந்ததே: லிட்டருக்கு அரை கிராம் மெட்டால், 5 கிராம் சல்ஃபைட்.

கிராலிக்கு முன்பே, 1940-இல், இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஜே. டி. கெண்டல், ஃபெனிடோன் என்ற பொருளுக்கு டெவலப்பராக வேலைசெய்யும் ஆற்றல் உண்டு என்று கண்டார். என் பார்வையில் இந்த வரலாற்றின் மையமே இதுதான். ஹைட்ரோகுயினோனோடு சேர்த்தால், 2 கிராம் மெட்டால் செய்யும் வேலையை ஏறத்தாழ 0.2 கிராம் ஃபெனிடோன் செய்துவிடும். அதைவிட முக்கியம், புரோமைடின் தடைக்கு அது எளிதில் பணிவதில்லை. ஹர்ட்டர், டிரிஃபீல்டு விதிக்கு விலக்காக நின்ற அதே புரோமைடின் பிடி இங்கே தளர்கிறது. குறைவான ஒளி பட்ட படிகங்களும் வெள்ளியாகின்றன. இதை வைத்து இல்ஃபோர்டு உருவாக்கிய மைக்ரோஃபென் டெவலப்பர் தரும் ஆதாயம் சுமார் அரை ஸ்டாப். சொற்பம் என்று தோன்றலாம். அந்தக் கண்குழியில் இமை தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு அது.

அக்காலத்து வேக எண்களைப் படிக்கும்போது 1960-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு அமெரிக்கத் தரநிலை, முன்பு சேர்த்திருந்த பாதுகாப்புக் காரணியை நீக்கியது. 200 ஏ.எஸ்.ஏ. என்றிருந்த கோடாக்கின் டிரை-எக்ஸ் ஃபிலிம் 400 ஆனது. ஃபிலிம் மாறவில்லை, அட்டைப்பெட்டியின் எண் மாறியது. அதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு ‘இரட்டை வேகம்’ என்று சொன்ன டெவலப்பர் எதுவாயினும், அந்தச் சொல்லை அப்படியே ஏற்பது ஆய்வுப் பிழை.

1996-இல் கோடாக் வெளியிட்ட எக்ஸ்டால், ஹைட்ரோகுயினோனை விட்டுவிட்டு, வைட்டமின் சி-யோடு நெருங்கிய உறவுள்ள அஸ்கார்பேட்டையும் ஃபெனிடோன் குடும்பத்துப் பொருள் ஒன்றையும் சேர்த்தது. நுண்துகளும் வேகமும் ஒரே புட்டியில் வந்தன. ஆனாலும் வேக ஆதாயம் ஒரு ஸ்டாப்பைத் தாண்டவில்லை. ஒளியே படாத படிகத்தில் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை.

இன்று ஐ.எஸ்.ஓ. 50 ஃபிலிம் வைத்திருப்பவர் மைக்ரோஃபெனிலோ எக்ஸ்டாலிலோ கழுவுவதாக இருந்தால் 64-இலோ 80-இலோ துணிந்து எடுக்கலாம். 200-இல் எடுத்துவிட்டு இருட்டறையில் நேரத்தைக் கூட்டினால் வெள்ளைச் சட்டைதான் மேலும் கருக்கும். கண்குழி அப்படியே கிடக்கும்.