சுவர்கள் சுமக்கும் வரலாறு

பயன் தீர்ந்த பொதுக் கட்டிடங்களை என் செய்வது? இடித்துத் தள்ளுவதா, மக்கள் வாழும் மனைகளாக மாற்றுவதா? தாப்பா வட்டாரத் தோட்டப்புறங்களில் ஆளொழிந்து நிற்கும் பள்ளிக் கட்டிடங்களையும் ஆயாக் கொட்டகைகளையும் காணுந்தோறும் என் உள்ளத்தில் எழும் வினா இது.

இலண்டன் மாநகரின் வடபால் 1851ஆம் ஆண்டில் கோல்னி ஹாட்ச் மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கு வாழ்ந்து மறைந்தனர். 1903இல் மூண்ட தீயில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1993இல் மூடப்பட்ட அம்மருத்துவமனை, பின்னர் விலையுயர்ந்த அடுக்கு வீடுகளாக உருமாறியது. கட்டிடம் பிழைத்தது, ஆயினும் ‘பிரின்சஸ் பார்க் மேனர்’ என்னும் புதுப்பெயரில் அந்நோயாளிகளின் நிழல்கூட இல்லை.

நம் தலைநகரில் 1895இல் எழுந்த புடு சிறைச்சாலைக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. 1996இல் அது மூடப்பட்டது. 2010இல் அதன் நெடுமதில் சாலை விரிவுக்காக இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துள்ளது. பழைய வாயில் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

சுங்கை பூலோவின் கதையோ வேறு. 1930இல் அங்குத் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பெற்றது. மருத்துவர் டிராவர்ஸ் என்பாரின் முயற்சியால், சிறு சிறு வீடுகள், பள்ளி, வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுடன் அது தோட்ட நகராகவே அமைந்தது. குடியிருப்புக்குள் மட்டும் செல்லும் தனிப் பணத்தாளும் வழங்கிற்று. நல்மருந்து கிடைத்து நோய் நீங்கிய பின்னரும், உற்றாரிடம் திரும்ப வழியற்ற பலர் அங்கேயே தங்கினர். பூச்செடிகள் வளர்த்து விற்றுப் பிழைத்தனர். ஊரார் ஒதுக்கி வைத்த இடமே அவர்தம் இல்லமாயிற்று. ஆயினும் 2007இல் அதன் கீழ்ப்பகுதி பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. முதுமையில் சிலர் இரண்டாம் முறையும் வீடிழந்தனர்.

பழைய கட்டிடத்தை வீடாக்குவதை நான் வெறுக்கவில்லை. விளக்கேற்றுவார் இல்லாத வீட்டில் கரையானே குடியேறும். ஆனால் அதனை வாங்கிக் குடிபுகுவோர், தமக்கு முன் அங்கு அடைபட்டு வாழ்ந்தவர் யாரென அறிதல் வேண்டும். வாயிலில் ஒரு கல்வெட்டேனும் அதனைச் சொல்லட்டும். அங்கேயே முதுமை எய்தியோர் இன்னும் வாழ்ந்தால், முதல் உரிமை அவர்க்கே உரியது.

ஆசிரியப் பெருமக்களே! நம் ஊர்த் தோட்டத்தில் நிற்கும் பழைய கட்டிடத்தில் பயின்றோர், பணிபுரிந்தோர் பெயர்களை மாணவரைக் கொண்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்வோம். சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.