மணி என்கிற காலு - ஒரு தில்லி நாயின் பூர்வகதை

எங்கள் மயூர் விஹார் அடுக்ககத்தின் கேட்டருகே ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். வாட்ச்மேனுக்கு அவன் 'காலு'. என் மகளுக்கு 'மணி'. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவான். தில்லியில் நம்மைப் போலவே அவனும் இரண்டு மொழிக்காரன் :-)

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நாய் என்றால் பயம். எங்கள் ஊர் செங்கம் பக்கம். சின்ன வயதில் அப்பாவை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்களாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு நாய் மேல் பாசம் எங்கிருந்து வரும்? மகள் மிச்ச இட்லியை எடுத்துக்கொண்டு கீழே போகும்போதெல்லாம் கத்தியிருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், தில்லி வட்டாரத் தெருநாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. வெறிநாய்க்கடியால் ஒரு சிறுமி இறந்த செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே எடுத்த வழக்கு அது. அன்று ராத்திரி மகள் சாப்பிடவில்லை. "மணியையும் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில் மூன்றாவது மாடி சர்மாஜி எழுந்து, "என் அம்மாவைக் கடித்த நாய்க்கு யார் பொறுப்பு?" என்றார். கடித்தது மணி இல்லை, வேறொரு நாய். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால் கொஞ்சம் பழைய கதைகளைப் புரட்டினேன்.

முதலில் நம்ம ஊர். செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ மனிதர்கள் பெயரில்லாமல் போன காலத்தில் ஒரு நாயின் பெயர் நின்றிருக்கிறது. அத்தனை வருடம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது!

தில்லிக்கும் ஒரு நாய்க் கதை உண்டு. பாண்டவர்களின் இந்திரப்பிரஸ்தம் இங்கே புராணா கிலா இருக்கும் இடம் என்பது ஐதீகம். மகாபாரதத்தின் தொடக்கத்தில் ஜனமேஜயனின் தம்பிகள், தப்பே செய்யாத ஒரு நாய்க்குட்டியை அடிக்கிறார்கள். அதன் தாய் சரமை வந்து நியாயம் கேட்டுச் சபிக்கிறது. கடைசியில், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் நிற்கிறார். அந்த நாய் தர்மதேவதை என்று அப்புறம்தான் தெரிகிறது. அவ்வளவு பெரிய கதையின் இரண்டு முனையிலும் ஒரு நாய்!

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். நம் தெருநாய்க்கு அவன் வைத்த பெயர் 'பறையா டாக்'. நம் மொழியிலிருந்து ஒரு சாதிப் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டது' என்ற பொருளில் நாய்க்குச் சூட்டினான். ஒரே சொல்லில் மனிதரையும் நாயையும் சேர்த்து அவமானப்படுத்திய பெயர் அது. 1832-ல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆரம்பித்தபோது பார்சிகள் கலகமே செய்தார்கள். அவர்கள் மதத்தில் நாய்க்கு மரியாதை உண்டு. இறந்தவர் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது சடங்கு.

பயத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் கசௌலியில் தொடங்கியது. தென்னாட்டில் நாய் கடித்தால் அவ்வளவு தூரம் போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அதன் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூர் நிலையம் வந்தது. அப்பாவுக்குப் போட்ட ரகத் தடுப்பூசியை உருவாக்கியவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. 2004-ல்தான் இந்தியாவில் அது நின்றது. இப்போது கையில் சில ஊசிகள், அவ்வளவுதான்.

அடுத்தது நம்மவர் கதை. ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் பரதநாட்டியம், கலாக்ஷேத்ரா என்றுதான் நமக்குத் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு இதே தில்லிக்கு வந்தவர், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவர் அவரே. வாரியம் சென்னையில்தான் இருந்தது. 2018-ல் தில்லிக்குப் பக்கத்தில், ஹரியானாவுக்கு மாறியது. நம்மை மாதிரியே டிரான்ஸ்ஃபர்!

ஆனால் அந்தச் சட்டத்திலேயே தெருநாய்களைக் கொல்லும் அறைகளுக்கு விலக்கு இருந்தது. சென்னையில் நாய் வண்டி வந்தால் தெருவே ஓடி ஒளிந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் அங்கே கிடைக்கும் எச்சிலுக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், குட்டி போடும். கேப்டன் சுந்தரமும் குடும்பத்தாரும் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1960-களிலிருந்தே வேறு வழி சொன்னது: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, எடுத்த இடத்திலேயே விடு. 1996-ல்தான் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001-ல் அதுவே மத்திய அரசின் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன.

2025 ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முந்தைய உத்தரவை மாற்றியபோது வந்து நின்ற இடமும் ஏறக்குறைய இதுதான். வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விட வேண்டும், கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு வந்தது: பள்ளி, மருத்துவமனை, பஸ், ரயில் நிலையங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது.

இதையெல்லாம் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான். கோவிவனுக்கும் அவன் எஜமானுக்கும் இருந்த உறவில் சோறும் இருந்தது, காவலும் இருந்தது, யாருடைய நாய் என்ற பொறுப்பும் இருந்தது. நகரத்துக்கு வந்த நாம் சோற்றை வைத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்டோம். பிஸ்கட் போடுகிற கை ஊசி போடவும் கூட்டிப்போக வேண்டும். இல்லையென்றால் அது பாசம் இல்லை, பொழுதுபோக்கு.

சர்மாஜியிடம் போய் இதைத்தான் சொன்னேன். நானும் அவரும் வாட்ச்மேனும் சேர்ந்து மணியைக் கூட்டிப்போய்க் கருத்தடையும் ஊசியும் முடித்தோம். காது நுனியில் சின்ன வெட்டு, அதுதான் அடையாளம். சாப்பாட்டுக்குப் பின்பக்கச் சுவரோரம் ஓர் இடம், நேரம் ராத்திரி ஒன்பது. சர்மாஜியின் அம்மா இன்னும் கைத்தடியோடுதான் இறங்குகிறார். ஆனால் மணியைக் கண்டு திரும்பிப் போவதில்லை.

ஒன்று மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், திட்டு விழும் என்று மறைக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றே ஊசிக்குப் போக வேண்டும். ஊசிக்கு மருந்து உண்டு, நோய் முற்றினால் கிடையாது.

எங்கள் வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். அவர்களுக்குத் திகாரில் ஒரு நாள் நாய்களுக்கென்றே உண்டு. அது நம் தீபாவளியன்று, நரக சதுர்த்தசியில் வரும். அந்த தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கீழே இறங்கினேன். மணி நெற்றியில் திலகமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக உட்கார்ந்திருந்தான். மகள் என் கையில் ஒரு இட்லியைத் திணித்தாள். பயம் முழுசாகப் போகவில்லை. கொடுத்தேன். பல்லே படாமல் வாங்கிக்கொண்டான்.